பாவ அறிக்கையும் கொழுந்துத் தராசும்

பதுளையை அடுத்து, நமுனுகுல மலைச்சரிவில் பரந்து கிடக்கும் ஸ்பிரிங்வெளி போன்ற தோட்டங்களில் இரகசியம் என்பது அரிய பொருள். லயத்தின் ஒரு காம்பராவில் ஒருவன் குடித்துவிட்டு மனைவியை அடித்தால், நடுச்சுவரைக் கடந்து அது அயலாருக்குக் கேட்கும். பொழுது விடியுமுன் பிரட்டுக்களம் முழுவதும் அறிந்துவிடும். இத்தகைய மக்களிடையே பாவ அறிக்கை என்னும் கிறிஸ்தவ ஒழுக்கம் எதனைத்தான் வெளிப்படுத்துகிறது? தொழிலாளியின் குற்றம் ஏற்கெனவே ஊரறிந்தது. அறியப்படாத குற்றங்கள் வேறு இடத்திலன்றோ இருக்கின்றன?

இவ்வொழுக்கம் தோன்றியபோது தனி மனிதனின் மன ஆறுதலுக்கான வழியாக மட்டும் இருக்கவில்லை. ஒருவருக்கொருவர் குற்றங்களை அறிக்கையிடுங்கள் என்பதே யாக்கோபு நிருபத்தின் கருத்து. ஆதித் திருச்சபையில் பெரும் பாவம் செய்தவன் சபையறியத் தவம் செய்தே மீண்டும் சபையிற் சேர்ந்தான். பின்னர் அது குருவின் செவியோடு ஒடுங்கிற்று. 1215ஆம் ஆண்டின் நான்காம் லாத்தரன் சங்கம் ஆண்டுக்கொருமுறை அதனைக் கட்டாயமாக்கிற்று. தமிழ்க் கத்தோலிக்கர் இதனைப் பாவசங்கீர்த்தனம் என்றனர். பலர் கூடிப் பாடுதலைக் குறிக்கும் சங்கீர்த்தனம் என்ற சொல், ஒருவன் மற்றொருவனிடம் தாழ்ந்த குரலிற் சொல்லுவதற்குப் பெயராய் அமைந்தது வியப்பே. இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் பின், 1973இல் வந்த புதிய சடங்குமுறையை அடுத்து, ஒப்புரவு என்ற பெயர் பரவிற்று. இது மிக நல்ல சொல். வள்ளுவர் ஓர் அதிகாரத்தையே ஒப்புரவறிதலுக்கு ஒதுக்கினார். ஊருணி நீர், ஊர் நடுவே பழுத்த மரம் என்று அவர் காட்டும் உவமைகள் யாவும் ஊருக்குப் பயன்பட வாழ்தலைப் பற்றியவை. பெயர் மாறிய அளவுக்குப் பொருளும் மாறிற்றா என்பதே நமது ஐயம்.

இந்த நூற்றாண்டுகளின் மௌனத்தைக் கலைத்த நூல்களுள் ஒன்று, ஜெர்மானியப் போதகர் டீட்ரிச் பொன்ஹோபர் 1939இல் வெளியிட்ட, கூடி வாழ்தல் பற்றிய சிறு நூல். நாத்சிகளுக்குப் பணியாத திருச்சபைக்காகப் பின்கென்வால்டில் அவர் நடத்திய குருமடத்தை 1937இல் கெஸ்டாப்போ மூடிற்று. அங்கு பெற்ற அனுபவமே இந்நூல். தன் பாவத்தோடு தனித்திருப்பவன் முற்றிலும் தனித்தவனே என்றும், தான் அறிக்கையிடாத எவனும் பிறன் அறிக்கையைக் கேட்கத் தகுதியற்றவன் என்றும் அவர் வாதிக்கிறார். அவரே தம் மாணாக்கருள் ஒருவரிடம் அறிக்கையிட்டார். சொன்னதைச் செய்தவர்; 1945இல் தூக்கிலிடப்பட்டவர். அவரை மதியாதிருக்க இயலாது.

எனினும் நூலில் ஒரு குறை உண்டு. பின்கென்வால்டில் இருந்தோர் ஒரே கல்வியும் ஒரே தொழிலும் உடைய இளைஞர். 'சகோதரன்' என்று அவர் எழுதும்போது சமமானவனையே கருதுகிறார். ஸ்பிரிங்வெளியில் அச்சகோதரன் யார்? கொழுந்து நிறுக்கும்போது ஈரத்துக்கென்றும் சாக்குக்கென்றும் அளவுக்கு மிஞ்சிக் கழித்து, ஒரு பெண்ணுக்கு அரைப்பேர் போட்ட கணக்கப்பிள்ளையை எண்ணிப் பார்ப்போம். ஞாயிறன்று அவனும் அவளும் ஒரே ஆலயத்தில், ஒரே வாசகத்தால், 'நாங்கள் பாவம் செய்தோம்' என்கின்றனர். பறித்தவனையும் பறிகொடுத்தவளையும் அந்த 'நாங்கள்' ஒன்றாக்கி விடுகிறது. அவன் தனியே குருவிடம் சென்றால், களவுக்கு ஈடு செய்தாக வேண்டும் என்று திருச்சபையின் போதனை கூறும் என்பது உண்மையே. ஆயினும் மன்னிப்புக் கேட்கும் குரல் அவள் செவியை எட்டுவதில்லை.

அவ்வாறாயின் எல்லாரும் சபை நடுவே வாய்திறக்கட்டும் என்று அவசரப்பட்டுக் கூறுதல் தகாது. கங்காணியும் கணக்கப்பிள்ளையும் அமர்ந்திருக்கும் கூட்டத்தில் ஏழை ஒருவன் தன் குற்றத்தைச் சொன்னால் மறுநாளே அது துரையின் கந்தோருக்குப் போகும். வேலைக்கும் உலை வைக்கும். குரு கேட்டதை வெளியிடலாகாது என்னும் கட்டுப்பாடு எளியவனுக்குக் கிடைத்த ஒரு கேடயம். அதனைப் பிடுங்கிவிட்டுச் சமூக ஒழுக்கம் பேசுவது கொடுமை.

எனவே பகிரங்கமா இரகசியமா என்பதிலும், யார் முதலிற் பேசுவது என்பதே முக்கியம். 1738இல் ஜோன் வெஸ்லி தம் சிறு குழுக்களுக்கு வகுத்த விதிகளில், வாரந்தோறும் கூடுகையில் ஒருவர் முதலில் தம் நிலையைச் சொல்லி, அதன் பின்னரே ஏனையோரை வினவ வேண்டும் என்றார். வெஸ்லியின் வழிவந்த மெதடிஸ்தர் 1814இல் இலங்கைக்கு வந்தனர். அக்குழு வழக்கமோ உலகெங்கும் நாளடைவில் தேய்ந்துபோயிற்று.

நம் நாட்டில் இம்முறையின் உயர்ந்த உதாரணம் ஆலயச் சடங்கிலே தோன்றவில்லை. 1983 யூலை 27ஆம் திகதி பதுளை நகரில் தமிழரின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. அவ்வாண்டு செப்டெம்பரில், குருநாகல் அங்கிலிக்கன் ஆயர் லக்ஷ்மன் விக்கிரமசிங்க, சிங்களவராகிய தாமும் தம் இனத்தவரும் வெட்கமுற்றுத் தமிழரிடம் மன்னிப்புக் கோர வேண்டும் என்று தம் மறைமாவட்டத்தார் முன் பேசினார். அவர் தீ வைத்தவர் அல்லர். தீ வைத்தவரின் பக்கத்திலே பிறந்தவர். ஆதலால் முதலிற் பேசினார். அக்டோபர் 23இல் மறைந்தார்.

தோட்டத்துச் சபையொன்று இவ்வொழுக்கத்தை மீண்டும் மேற்கொள்ள விரும்பினால், போதகர் முதலிற் பேசட்டும். பின்னர் தராசு பிடிப்பவர், வட்டிக்குக் கொடுப்பவர், தொழிற்சங்கத் தலைவர் பேசட்டும். குடித்துவிட்டு வந்தவனின் முறை அவர்களுக்குப் பின் வரும். ஆனால் அவன் மனைவிக்கு முன் வரும்.