தொகுப்பில் இல்லாத மௌனம்

2025 ஏப்ரலில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் தன் தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டில் மைன்கிராஃப்ட் விளையாட்டின் முதல் இசைத்தொகுப்பைச் சேர்த்தது. அன்றிலிருந்து அந்த இசையைப் பற்றி நான் படித்த கட்டுரைகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. எனக்குப் பத்து வயது, மழைக்கால இரவு, அண்ணனோடு பங்கு போட்ட கணினி, பின்னால் அந்தப் பியானோ. இன்று கேட்டாலும் கண் கலங்குகிறது. ஆகவே இது மகத்தான இசை. இதில் கண் கலங்குவது வரை எனக்கு மறுப்பில்லை. அந்த ‘ஆகவே’யைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

சி418 என்ற பெயரில் இசையமைக்கும் ஜெர்மானியர் டேனியல் ரோசன்ஃபெல்ட் நல்ல கலைஞர். அதில் ஐயமில்லை. போர்முரசும் சேர்ந்திசைக்குழுவும்தான் வீடியோ கேம் இசை என்று பெரிய நிறுவனங்கள் நினைத்துக்கொண்டிருந்த காலத்தில், அவர் ஒரு பியானோவையும் மெல்லிய சிந்தசைசரையும் வைத்துக்கொண்டு குரலைத் தாழ்த்திப் பேசினார். அந்தத் தொகுப்பில் ‘ஸ்வீடன்’ என்ற துண்டு மூன்றரை நிமிடம், ‘வெட் ஹேண்ட்ஸ்’ ஒன்றரை நிமிடம். பிரெஞ்சு இசையமைப்பாளர் எரிக் சதீயின் பியானோத் துண்டுகளின் சாயல் தெரிகிறது என்பார்கள், தெரிந்தால் குற்றமில்லை. கோஜி கோண்டோவின் சூப்பர் மாரியோ இசை 2023-இலேயே அந்தப் பதிவேட்டில் ஏறிவிட்டது. மைன்கிராஃப்ட் இசைக்கும் அங்கே இடம் உண்டு. நினைவும் ஒரு சாட்சிதான். ரசனையைப் பற்றிப் பேசும்போது அதை வெளியே நிறுத்த முடியாது.

ஆனால் அந்த நினைவு எதைப் பற்றியது என்று யாரும் கேட்பதில்லை.

மைன்கிராஃப்ட் விளையாடியவர்களுக்குத் தெரியும், அங்கே இசை ஓடிக்கொண்டே இராது. பிழைத்திருக்கப் போராடும் வழக்கமான ஆட்டத்தில் ஒரு துண்டு முடிந்தால் அடுத்தது வரப் பத்து நிமிடம் ஆகலாம், இருபதும் ஆகலாம். எவ்வளவு என்பதை நிரல் குலுக்கிப் போட்டு முடிவு செய்கிறது. அந்த உலகத்தில் ஒரு பகலும் ஓர் இரவும் சேர்ந்தே இருபது நிமிடம்தான் என்பதை இதோடு வைத்துப் பாருங்கள். சூரியன் எழுந்து, உச்சிக்கு வந்து, விழுந்து, மறுபடி எழும் வரை ஒரு சுரம்கூடக் கேட்காமல் போகலாம். அந்த நேரம் முழுக்க நம் காதில் இருப்பது குந்தாலி கல்லில் படும் ஓசை, காலடி, தூரத்தில் ஒரு மாடு, சுவருக்கு அப்பால் ஏதோ முனகல்.

ஒருநாள் நான் நிலக்கரி தேடிச் சுரங்கத்துக்குள் போய் வழி தவறிவிட்டேன். டார்ச் தீர்ந்துபோயிற்று. எந்தப் பக்கம் முனகல் கேட்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கமாகத் தோண்டித் தோண்டி, தலைக்கு மேலே ஒரு மண்கட்டியை உடைத்தபோது வெளிச்சம் விழுந்தது. மேலே ஏறினால் விடியற்காலை. புல்வெளியின் விளிம்பில் அந்தச் சதுரச் சூரியன். நாலைந்து அடி நடந்திருப்பேன், ‘ஸ்வீடன்’ ஆரம்பித்தது. நான் தப்பி வந்தது அந்த நிரலுக்குத் தெரியாது. எனக்காக அது வரவில்லை. மறுநாள் இதே துண்டு, பெட்டிக்குள் கற்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது வந்தது. இன்னொரு நாள் முதுகுக்குப் பின்னால் க்ரீப்பர் என்ற வெடிக்கும் பிராணி சீறிக்கொண்டு நின்றபோதும் வந்தது. ஆனால் அந்த விடியலில் வந்தது வந்ததுதான். அப்போது அதன் பெயர்கூட எனக்குத் தெரியாது. ஆட்டம் அந்த நாட்களில் பெயரைக் காட்டியதில்லை. கோப்புகளைத் துருவிப் பார்த்தாலும் ‘ஸ்வீடன்’ என்று இருக்காது, ‘காம்3’ என்றுதான் இருக்கும்.

நினைவுக் கட்டுரை எழுதுகிறவர்கள் கண் கலங்குவது இந்த வருகைக்காகத்தான் என்பது என் உறுதியான எண்ணம். அவர்கள் எழுதியதையே திரும்பப் படியுங்கள். எந்தக் குன்றின் மேல் நின்றார்கள், வீட்டின் கூரை என்ன கல், பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பதெல்லாம் துல்லியமாக இருக்கும். இசையைப் பற்றி இரண்டு வரிக்கு மேல் இருக்காது. ஓர் இசை இப்படி ஓர் இடத்தோடும் ஒரு கணத்தோடும் ஒட்டிக்கொள்ள வேண்டுமென்றால் அது அரிதாக வந்திருக்க வேண்டும். எப்போதும் ஓடிக்கொண்டிருந்தால் மின்விசிறிச் சத்தத்தைப் போல அதைக் காது விட்டுவிட்டிருக்கும். பத்து நிமிட மௌனம் செய்த வேலைக்கான கூலியை மொத்தமாகப் பியானோவின் கையில் கொடுத்துவிடுகிறார்கள்.

இந்தத் தவறு எங்கே தொடங்குகிறது என்பதும் தெரிகிறது. இப்படிச் சூழலோடு கரையும் இசையை ஆம்பியன்ட் என்று சொன்னவுடன் எல்லோரும் இசையமைப்பாளர் பிரையன் ஈனோவிடம் போகிறார்கள், 1978-இல் விமான நிலையங்களுக்காக அவர் செய்த இசைத்தட்டிடம். அதன் ஒரு பகுதியில் வெவ்வேறு நீளமுள்ள நாடாச் சுருள்கள் தனித்தனியே சுழல்கின்றன. குரல்கள் ஒன்றோடொன்று எப்போது சேரும் என்பதை அந்த நீளங்கள் பார்த்துக்கொள்கின்றன. தற்செயல் அங்கே நாடாவுக்குள்ளேயே இருக்கிறது. அதனால் அந்தத் தட்டை வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோனால் தற்செயலின் தடமும் கூட வந்துவிடும். மைன்கிராஃப்டில் தற்செயல் இசைக்கு வெளியே, நிரலில் இருக்கிறது. ‘ஸ்வீடன்’ ஒவ்வொரு முறையும் ஒரே ‘ஸ்வீடன்’தான், அது வரும் நேரம்தான் மாறுகிறது. அந்தக் கோப்பை மட்டும் எடுத்து வந்தால் பாதிப் படைப்பு அங்கேயே கிடக்கிறது.

தொகுப்பை வெளியிட்டவர் இசையமைப்பாளரேதானே என்பார்கள். ஆம், 2011 மார்ச்சில், ஆட்டத்தின் முழு வடிவம் வருவதற்கு எட்டு மாதம் முன்பே. 24 துண்டுகள், ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஆட்டத்தில் கேட்காத துண்டுகளும் அதில் உண்டு. அதை ஒரு தனிப் படைப்பாக எடுத்துக்கொண்டு அலசினால் எனக்கு மறுப்பில்லை. ஒருவராவது அப்படிச் செய்கிறாரா? தட்டைச் சுழலவிட்டு, ஆட்டத்தில் கேட்டதே இதுதான் என்று எழுதுகிறார்கள்.

இதன் அடுத்த படி யூடியூபில் இருக்கிறது. மழைச் சத்தம் சேர்த்த பத்து மணி நேரச் சுழற்சி, படிக்க ஒன்று, தூங்க ஒன்று. என் அக்கா மகள் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுக்கு இதைக் காதில் மாட்டிக்கொண்டுதான் படித்தாள். ஒருநாள் அந்த ஹெட்ஃபோனை வாங்கி மாட்டிப் பார்த்தேன். ‘ஸ்வீடன்’ ஓடிக்கொண்டிருந்தது. முடிந்தது. ஒரு மூச்சு விடக்கூட இடமில்லை, மறுபடி ஆரம்பித்துவிட்டது. “இது என்ன பாட்டும்மா?” என்று கேட்டேன். “தெரியல மாமா. சும்மா ஓடும். சத்தமே இல்லன்னா படிக்க முடியல” என்றாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தச் சுழற்சியை வெட்டி ஒட்டி வைத்தவர்மீதும், அதன் கீழே ‘இதுதான் என் பால்யம்’ என்று எழுதுகிறவர்கள்மீதும்தான் எனக்குக் கோபம். மௌனத்துக்கு நடுவே வர வேண்டிய ஒன்றை மௌனத்தை அடைக்கும் பஞ்சாக ஆக்கிவிட்டார்கள். அங்கே இசையே இல்லை என்றுதான் சொல்வேன். விளையாட நேரமில்லாதவர்கள் என்ன செய்வார்கள் என்று நண்பர் ஒருவர் கேட்டார். நேரமில்லாவிட்டால் கேட்காமல் இருக்கலாம். அரைகுறையாக வைத்துக்கொண்டு முழுசும் கிடைத்தது என்று சொல்ல வேண்டாம்.

இப்போது ஆட்டமே இந்தப் பக்கம் சாய்கிறது. 2025 ஜூனில் வந்த புதுப்பித்தலில் இசை எவ்வளவு அடிக்கடி வர வேண்டும் என்று நாமே தேர்ந்தெடுக்கும் வசதி சேர்ந்தது. விரும்பினால் இடைவெளியே இல்லாமலும் வைத்துக்கொள்ளலாம். எந்தத் துண்டு ஒலிக்கிறது என்று திரையின் மூலையில் காட்டவும் வழி செய்திருக்கிறார்கள். பழைய அமைப்பும் கூடவே இருக்கிறதே, வேண்டியவர் வைத்துக்கொள்ளட்டுமே என்பது இதற்கான வாதம். ஆனால் மௌனத்தைக் குறைக்கலாம் என்று தெரிந்த பிறகு அந்த மௌனம் பழைய மௌனமாக இருக்காது. அன்று சுரங்கத்துக்குள் இருந்தபோது, இசை எப்போது வரும் என்று நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. கையில் அந்த வசதி இருந்திருந்தால் அரை மணி நேரம் முன்பே அதைத் திருகியிருப்பேன். மேலே ஏறி வந்தபோது பத்தாவது பாட்டோ பதினோராவது பாட்டோ ஓடிக்கொண்டிருந்திருக்கும்.

காங்கிரஸ் நூலகத்தின் அதே 2025 பட்டியலில் ஈனோ விண்டோஸ் 95-க்காகச் செய்த தொடக்க ஒலியும் இருக்கிறது. சில நொடி ஒலி. கணினியின் பொத்தானை அழுத்திவிட்டு, திரையைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தவர்களுக்குத்தான் அது ஒலித்தது. அந்தக் காத்திருப்பை ஒலிப்பதிவில் பிடிக்க முடியாது. நூலகம் ஒலியை மட்டும் வைத்திருக்கிறது. ஒலிப்பதிவைக் காப்பதுதான் அந்தப் பதிவேட்டின் வேலை, அதற்காக அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மைன்கிராஃப்டின் 2011 வடிவத்தையும், அந்தக் குலுக்கலைச் செய்யும் நிரலோடு, ஓடும் நிலையில் யாராவது காப்பாற்றி வைக்க வேண்டும். ஐம்பது ஆண்டு கழித்து ‘ஸ்வீடன்’ கேட்க வருகிறவரை ஒரு மேசை முன் உட்காரவைத்து, கையில் குந்தாலியைக் கொடுத்து, போய்த் தோண்டுங்கள் என்று சொல்ல வேண்டும். அன்றைக்கு அது வராமலும் போகலாம் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.