பனங்கிழங்கு: யாழ்ப்பாணத்திலும் தென் தமிழ்நாட்டிலும்

பனங்கொட்டை முளைக்கும்போது முளை மேலே வருவதில்லை. கொட்டையின் கண்ணிலிருந்து புறப்படும் தண்டு நேராகக் கீழே மண்ணுக்குள் இறங்குகிறது. அதற்குள் இருக்கும் இளங்கன்றின் முதல் இலையுறை மாச்சத்தைச் சேர்த்துக்கொண்டு பருக்கிறது. இப்படிப் பருத்த முளையே பனங்கிழங்கு. தோண்டாமல் விட்டால் அது பனங்கன்றாகிவிடும். தூத்துக்குடி, திருநெல்வேலி, ராமநாதபுரம் மாவட்டங்களிலும் யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் அதைச் சூழ்ந்த தீவுகளிலும் இந்தக் கிழங்குக்கென்றே கொட்டையைப் பாத்தி கட்டிப் போடும் வழக்கம் உண்டு. இரண்டு கரைக்கும் வடகிழக்குப் பருவமழையே மழை. மண்ணும் பல இடங்களில் மணற்பாங்கானது. அதனால் பாத்தி வேலையில் பெரிய வேறுபாடு இல்லை. வேறுபாடு கிழங்கைத் தோண்டி எடுத்த பிறகுதான் தொடங்குகிறது.

கொட்டை சேர்க்கும் விதத்தில் மட்டும் ஒரு சிறு மாற்றம் உண்டு. யாழ்ப்பாணத்தில் பனம்பழத்தைப் பிசைந்து களியெடுத்து, பாயில் ஊற்றிக் காயவைத்துப் பனாட்டுச் செய்வார்கள். பிசைந்து முடித்த கொட்டைகள் ஓரிடத்தில் குவிந்துவிடும். அவையே பாத்திக்குப் போகும். தமிழ்நாட்டில் பனாட்டு அந்த அளவுக்குப் பரவவில்லை. சுட்டோ அவித்தோ தின்ற பழத்தின் கொட்டையும், மரத்தடியில் விழுந்து கிடக்கும் பழத்தின் கொட்டையும் ஆவணி, புரட்டாசியில் பொறுக்கிச் சேர்க்கப்படுகின்றன. எப்படிச் சேர்த்தாலும் கொட்டையை நெடுநாள் வெயிலில் கிடக்கவிடக் கூடாது. உள்ளே வற்றிப்போன கொட்டை கையில் எடுத்தாலே இலேசாக இருக்கும், அது முளைக்காது.

பாத்திக்கு முதல் தேவை ஆழமான இளகிய மண். கிழங்கு ஒரு முழம் வரை இறங்கக்கூடியது. நடுவில் கல்லோ இறுகிய மண்ணோ தட்டுப்பட்டால் கோணிக்கொள்ளும், அல்லது குட்டையாக நின்றுவிடும். ஆகவே தரையைக் கொத்திப் புரட்டி, மேலும் மண்ணை அணைத்து மேடாக்குவது நல்லது. குடாநாட்டின் பல பகுதிகளில் மண்ணுக்கு அடியிலேயே சுண்ணாம்புக்கல் இருப்பதால் அங்கே மேட்டுப் பாத்தி இல்லாமல் நல்ல கிழங்கு கிடைக்காது. மேடு இன்னொரு விதத்திலும் உதவும்: ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் தேங்கினால் முளை அழுகும், மேட்டில் வடிந்துவிடும். கொட்டைகளை ஒன்றோடொன்று ஒட்டினாற்போல், கண் கீழே பார்க்க அடுக்கி, மேலே மெல்லியதாக மண் போட்டால் போதும். சிலர் காய்ந்த பனையோலையால் மூடிவிடுகிறார்கள். மழை பிந்தினால் மட்டும் தண்ணீர் தெளிக்க வேண்டும். உரம் வேண்டியதில்லை, முளைக்கான உணவு முழுவதும் கொட்டைக்குள்ளேயே இருக்கிறது.

அந்த உணவை உறிஞ்சுவதற்காகக் கொட்டைக்குள் வளரும் பஞ்சுபோன்ற வெள்ளைப் பகுதி தின்பதற்கு இனிப்பானது. ஈழத்தில் அதைப் பூரான் என்பார்கள். தென் தமிழ்நாட்டில் தவுண் என்ற பெயரும் வழங்குகிறது. பூரானுக்கு ஆசைப்பட்டுக் கொட்டையை முன்னதாகவே பிளந்தால் அந்தக் கொட்டையில் கிழங்கு இல்லை. கிழங்குக்கு மூன்று நான்கு மாதம் பொறுக்க வேண்டும். பாத்தியின் ஓரத்தில் ஒன்றைத் தோண்டிப் பார்ப்பதே பதம் அறியும் வழி. இளங்கிழங்கில் நீர் அதிகம், மா குறைவு. குருத்து வெளியே வந்து ஓலை விரியத் தொடங்கிவிட்டால் நாரோடிவிடும்.

தமிழ்நாட்டில் அறுவடையின் நாளைத் தைப்பொங்கல் தீர்மானிக்கிறது. மார்கழிக் கடைசியில் தோண்டிக் கட்டுக்கட்டாகக் கட்டிய கிழங்கு, கரும்புக்கும் மஞ்சள் குலைக்கும் பக்கத்தில் சந்தைக்கு வந்துவிடும். தென் மாவட்டங்களில் பொங்கல் சீரிலும் அதற்கு இடம் உண்டு. சமையல் எளிது. மண் போகக் கழுவி, அடியும் நுனியும் நறுக்கி, பானையில் நிறுத்தி வைத்து, உப்பும் மஞ்சளும் சேர்த்து அவிக்க வேண்டும். தோல் கையோடு உரிந்து வந்தால் வெந்துவிட்டது என்று பொருள். நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, நடுவில் ஈர்க்குப்போல் இருக்கும் குருத்தை எடுத்தெறிந்து, நாரை உரித்துக்கொண்டே தின்பார்கள். மிளகும் பூண்டும் தட்டிப்போட்டு அவிக்கும் வீடுகளும் உண்டு. மாசி பிறந்தால் பேச்சு முடிந்தது. அடுத்த கிழங்கு அடுத்த பொங்கலுக்குத்தான்.

யாழ்ப்பாணத்திலும் தைமாதத்தில் கிழங்கை அவித்தும் சுட்டும் தின்பார்கள். அவித்த கிழங்கைப் பச்சைமிளகாய், உள்ளி, உப்பு, தேங்காய்ப்பூவுடன் உரலில் இடித்த துவையலும் அங்கே பெயர்பெற்றது. ஆனால் பாத்தியின் பெரும்பகுதி வெயிலுக்குப் போகும். பச்சைக் கிழங்கைத் தோல் நீக்கி, இரண்டாகக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல். அவித்துவிட்டுக் கிழித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். மழை ஓய்ந்து மாசி, பங்குனி வெயில் ஏறும் நேரத்தில் கிழங்கும் வந்து சேர்வதால் காலம் நன்றாகவே ஒத்துப்போகிறது. கிழித்த கிழங்கைக் குவித்து வைக்கக் கூடாது. அன்றன்றே பரப்ப வேண்டும், இரவுப் பனியில் நனையவும் விடக்கூடாது. வளைத்தால் வளையாமல் மளுக்கென்று முறிய வேண்டும். அந்தப் பதம் வருமுன் எடுத்து வைத்த ஒடியல் பூஞ்சணம் பிடிக்கும். பதமாகக் காய்ந்ததையும் இடையிடையே வெயிலில் போட்டெடுத்தால்தான் உளுக்காது.

புழுக்கொடியல் ஏற்கெனவே வெந்தது. ஆகவே அப்படியே கடித்துத் தின்னலாம், பல் உறுதியாக இருந்தால். தேங்காய்ச் சொட்டு அதற்கு நல்ல துணை. மாவாக இடித்துச் சீனியும் தேங்காய்ப்பூவும் கலந்தும் தின்பார்கள். ஒடியல் அப்படியன்று. அதில் கசப்பு உண்டு. மாவை நிறையத் தண்ணீரில் ஊறவைத்து, அடியில் மா படிந்ததும் மேல்நீரை வடித்து, புதுத்தண்ணீர் ஊற்றி மறுபடி வடித்த பிறகே சமைக்க வேண்டும். இந்த வேலையைச் சுருக்கியவரின் பிட்டு முதல் வாயிலேயே காட்டிக்கொடுத்துவிடும். பிழிந்தெடுத்த மாவில் தேங்காய்ப்பூவும் முருங்கையிலையும் சின்ன இறாலும் கலந்து அவித்தால் ஒடியற் பிட்டு.

கூழ் இதைவிடப் பெரிய ஏற்பாடு. மீன், நண்டு, இறால், கணவாய், பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளிக் கிழங்கு எல்லாம் பெரிய பானையில் வெந்தபின், அரைத்த செத்தல் மிளகாயும் பழப்புளியும் சேர்த்து, ஊறிய ஒடியல் மாவைக் கடைசியில் கரைத்து ஊற்றுவார்கள். மாவை முன்னாலேயே ஊற்றினால் அடிப்பிடிக்கும். ஊற்றிய பின் அகப்பையை நிறுத்தக் கூடாது. பனையோலையில் கோலிய பிளாவில் வார்த்து, ஊரும் உறவும் சுற்றி இருந்து குடிப்பது வழக்கம். மாவின் கொழகொழப்பும் புளியும் கடலுணவும் சேர்ந்த இந்தச் சுவைக்குத் தமிழ்நாட்டுப் பனங்கிழங்குச் சமையலில் இணை இல்லை.

ஒரு கரையில் பண்டிகைத் தின்பண்டமாகவும் மறுகரையில் சேமிப்பு உணவாகவும் ஒரே கிழங்கு ஆனதற்குக் காரணம் தேடினால் இரண்டு தெரிகின்றன. குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு கிடையாது. நெல் மழையை நம்பியது. அரிசி குறையும் மாதங்களுக்கு ஒடியல் மா ஒரு கையிருப்பு. வெளியிலிருந்து பொருள் வருவது தடைப்பட்ட போர்க்காலத்திலும் அது கைகொடுத்தது. தூத்துக்குடிப் பக்கத்தில் பனையின் வருமானம் பதநீரிலும் கருப்பட்டியிலும் இருக்கிறது. கிழங்கு காயவேண்டிய அதே வெயில் மாதங்களில்தான் பனையேறி மரத்திலும், அவர் வீட்டார் பதநீர் காய்ச்சும் அடுப்படியிலும் இருப்பார்கள். யாழ்ப்பாணத்திலும் சீவல் தொழில் உண்டு என்பதால் இந்தக் காரணத்தை மட்டும் வைத்து முடிவுகட்ட முடியாது. அரிசியின் அருமையே கூடுதல் எடையுள்ளது.

அண்மைக் காலத்தில் இந்த இடைவெளி சற்றுக் குறைந்திருக்கிறது. இலங்கையில் 1978இல் அமைந்த பனை அபிவிருத்திச் சபை ஒடியலையும் புழுக்கொடியலையும் பொட்டலப் பண்டங்களாக்கியது. புலம்பெயர்ந்தோர் வாழும் நகரங்களின் தமிழ்க் கடைகளிலும் இன்று ஒடியல் மா கிடைக்கிறது. தமிழ்நாட்டுக் கடைகளில் சத்துமாவாக விற்கும் பனங்கிழங்கு மா பெரும்பாலும் அவித்து உலர்த்திய கிழங்கின் மா, அதாவது யாழ்ப்பாணத்தார் புழுக்கொடியல் மா என்று சொல்வது. அதை வாங்கி ஒடியற் கூழ் காய்ச்ச முயல்பவருக்குக் கூழ் எதிர்பார்த்தபடி தடிக்காது. வெந்து காய்ந்த மாவும் பச்சை மாவும் பானையில் ஒன்றுபோல் நடந்துகொள்வதில்லை.

கிழங்கைக் கழித்தபின் எஞ்சும் வெற்றுக் கொட்டை, யாழ்ப்பாண வழக்கில் ஊமல், நன்றாகக் காய்ந்தால் அடுப்புக்கு உதவும். கரியாக்கினால் தணல் நெடுநேரம் நிற்கும். தப்பித் தவறிப் பாத்தியில் விடுபட்ட கிழங்கு கன்றானாலும் அதைப் பெயர்த்து வேறிடத்தில் நடுவது பெரும்பாலும் பலிப்பதில்லை, ஆழப்போன வேர் அறுந்துவிடும். மரம் வேண்டுமென்றால் மரம் நிற்கவேண்டிய இடத்திலேயே கொட்டையைப் புதைக்க வேண்டும். வேலியோரமும் குளக்கரையும் அதற்குப் பொருத்தமான இடங்கள்.