மேற்கை மேலே வைத்துப் பார்த்தபோது

கள்ளக்குறிச்சி வடதுருவத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. நான் சொல்லவில்லை, என் லேப்டாப்பில் இருக்கும் க்யூஜிஐஎஸ் சொன்னது.

கல்வராயன் மலை ஊர்களின் ஒற்றையடிப் பாதைகளை வரைபடத்தில் ஏற்றுவது சில மாதமாக என் ஞாயிற்றுக்கிழமை வேலை. போனில் பதிந்த புள்ளிகளை சிஎஸ்வி கோப்பாக உள்ளே இழுத்தபோது எக்ஸ், ஒய் இரண்டையும் இடம் மாற்றிக் கொடுத்துவிட்டேன். வடக்கு 11.74, கிழக்கு 78.96 என்பது வடக்கு 78.96, கிழக்கு 11.74 ஆகிவிட்டது. அது நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டம். அதிலும் நீ-ஆலசுண்ட் என்ற குட்டி ஊருக்குச் சில கிலோமீட்டர் தள்ளி. நம் நாட்டின் ஆர்க்டிக் ஆய்வு நிலையமான ஹிமாத்ரி 2008 முதல் இயங்குவது அந்த ஊரில்தான். ஆக, நம்ம ஆட்கள் ஏற்கெனவே அங்கே இருக்காங்க.

சிரிப்பெல்லாம் பிறகுதான். அரை மணி நேரம் புள்ளிகளைக் காணோம் என்று தேடினேன். அடுக்குப் பட்டியலில் டிக் இருக்கிறது, திரையில் ஒன்றும் இல்லை. கடைசியில் 'ஜூம் ஃபுல்' அழுத்தினேன். தமிழ்நாட்டிலிருந்து ஆர்க்டிக் வரை ஒரே காட்சி! காலி வரிசை ஒன்று 0, 0 என்று ஏறியிருந்தால் ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கினி வளைகுடா வரை இதேபோல இழுத்துக்கொண்டு போகும். அந்தப் பொத்தானால் படம் பார்த்ததாக எனக்கு நினைவில்லை, பிழை பிடித்திருக்கிறேன். அந்த வகையில் அது நல்ல பொத்தான்.

மற்ற குறைகள் சின்னவை. மவுஸ் சக்கரம் ஒரு நொடிப்புக்கு இரண்டு மடங்கு தாவும். 1:50,000 போதாது என்று உருட்டினால் நேராக 1:25,000. கன்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு உருட்டினால் நிதானமாகப் போகும், ஆனால் அதை எனக்கு யாரும் சொல்லவில்லை. ஸ்பேஸ் பட்டையை அழுத்தியபடி மவுஸை நகர்த்தினால் படமும் கூடவே நகர்வது அருமை. பாதையை வரைந்துகொண்டே மலை ஏறலாம், கருவியை மாற்ற வேண்டாம். 2018-இல் வந்த 3.0 பதிப்பிலிருந்து இரண்டாவது காட்சிச் சன்னலைத் திறந்து முதலாவதோடு சேர்ந்தே நகரச் செய்ய முடிகிறது. ஒன்றில் செயற்கைக்கோள் படம், மற்றதில் உயரக் கோடுகள். இதற்காகவே இந்த மென்பொருளை விடமாட்டேன்.

என் உண்மையான புகார் வேறு. பாதை அடுக்குக்கு 'அளவு பார்த்துக் காட்டு' என்ற வசதியைப் போட்டிருந்தேன்: 1:25,000-ஐ விட நெருங்கிப் பார்த்தால்தான் பாதை தெரியும். இல்லாவிட்டால் படம் நூல் சிக்கு மாதிரி ஆகிவிடும். பிறகு மாவட்ட எல்லை அடுக்கின் மேல் 'ஜூம் டு லேயர்' கொடுத்து, அதே காட்சியை ஏ4 தாளில் அச்சிட்டு வெள்ளிமலைப் பக்கம் ஒரு பெரியவரிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார்.

"எங்க பாதையைக் காணோமே தம்பி?"

அந்தத் தாளில் அளவு ஏறக்குறைய 1:4,00,000. பாதை அடுக்கு தன் வேலையைச் சரியாகச் செய்து மறைந்துவிட்டது. மறைந்தது என்று ஓர் எச்சரிக்கை, ஒரு குறிப்பு, எதுவும் தாளில் வராது. பாதையே இல்லாத மலை மாதிரி நிற்கிறது படம். இதே தாளை ஒரு அதிகாரி பார்த்திருந்தால்? பாதை இல்லாத ஊர் என்று எடுத்துக்கொண்டிருப்பார், நானும் அதற்குச் சாட்சி.

"கருமந்துறையும் இல்லையே. எங்களுக்கு அதுதான கிட்ட?"

கருமந்துறை சேலம் மாவட்டம். 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்த கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் எல்லையை நான் சட்டமாக வைத்ததால், மலையின் மேற்குப் பாதி வெள்ளைத் தாளாகிவிட்டது. காகிதக் காலத்தில் இந்திய நில அளவைத் துறையின் தாள்கள் தீர்க்கரேகையில் வெட்டுப்படும். 79 பாகையில் ஒரு தாள் முடியும், கள்ளக்குறிச்சி இந்தப் பக்கம், தியாகதுருகம் அந்தப் பக்கம். இரண்டு தாளை ஒட்டிக்கொண்டு வேலை பார்த்தார்கள். கணினி அந்த வெட்டை ஒழித்தது. நான் ஒரே கிளிக்கில் வேறொரு வெட்டைக் கொண்டு வந்தேன். தாள் முடிகிறது என்பதாவது கைக்குத் தெரியும், எல்லை அடுக்கு முடிவது தெரியாது.

லேப்டாப்பைத் திண்ணையில் வைத்துத் திறந்தேன். அப்பவும் அவருக்குப் பிடிபடவில்லை. கீழே சமவெளியிலிருந்து ஏறுகிறவர்களுக்கு மலை எதிரே, மேற்கே நிற்கும். என் படத்திலோ மேலே வடக்கு. நிலைப்பட்டையில் சுழற்சி என்று ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது, இத்தனை வருஷத்தில் நான் தொட்டதே இல்லை. 90 என்று அடித்தேன், மேற்கு மேலே வந்தது. பின்னணி இணையப் படத்தின் ஊர்ப்பெயர்கள் மட்டும் பக்கவாட்டில் படுத்துக்கொண்டன. அவை படத்தோடு பொறிக்கப்பட்டவை, திரும்பாது. அந்த அடுக்கை அணைத்துவிட்டு, 2000-இல் விண்கலத்திலிருந்து ரேடாரில் எடுத்த உயரத் தரவின் கோடுகளை மட்டும் விட்டேன்.

பெரியவர் விரல் திரையில் ஏற ஆரம்பித்தது. "இப்படி வந்து, இங்க ஓடையைத் தாண்டி..." என் கோடு ஓடைக்கு இந்தப் பக்கமே நின்றிருந்தது. அது தவறு. அவர் சொன்னபடி திருத்தினேன், இன்னும் இரண்டு பாதை புதிதாக ஏறியது.

வீட்டுக்கு வந்ததும் அளவுக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டேன். மாவட்ட அளவில் படம் இப்போது அசிங்கம்தான், கோட்டுக்கு மேல் கோடு. சட்டத்தைக் கருமந்துறை தாண்டி நீட்டி, மேற்கை மேலே வைத்து ஒரு பிரிண்ட் போட்டிருக்கிறேன். அடுத்த ஞாயிறு எடுத்துக்கொண்டு போகணும்.