மாங்காய்ச் சந்தகை

சித்திரை பிறந்துவிட்டால் கெங்கவல்லிப் பக்கம் சுவேதா நதி பெரும்பாலும் மணலாகத்தான் கிடக்கும். பத்து மணிக்கு மேல் அடுப்பங்கரையில் நிற்க முடியாது. அந்த நாட்களில் எங்கள் வீட்டில் விடியற்காலையிலேயே சந்தகை பிழிந்து ஆறவைத்து, மதியம் மாங்காய் துருவிப் போட்டுப் பிசறுவார்கள். இத்தாலிக்காரர்கள் கோடையில் பாஸ்தாவை வேகவைத்து ஆறவிட்டு, ஆலிவ் எண்ணெயும் தக்காளியும் சேர்த்துச் சாப்பிடுகிறார்களே, அதற்கு நம் ஊரில் உறவு சொல்ல வேண்டுமென்றால் இதைத்தான் சொல்வேன்.

உறவுதானே தவிர, செய்முறை நேர் எதிர். கோதுமை மாவில் பசைத்தன்மை உண்டு. அதனால் பாஸ்தாவைப் பச்சை மாவாகவே இழுத்து, பிறகு வேகவைக்கலாம். அரிசிக்கு அந்தப் பசை கிடையாது. ஆகவே சந்தகைக்கு முதலில் வேக்காடு, அப்புறம்தான் பிழிதல். இட்லி அரிசியை நான்கு மணி நேரம் ஊறவைத்து, உப்புப் போட்டு வெண்ணெயாய் அரைத்து, உளுந்தும் இல்லாமல் புளிக்கவும் விடாமல் இட்லியாக ஊற்றி எடுக்க வேண்டும். ஆத்தூர் கிச்சிலிச் சம்பா சோற்றுக்கு அருமையான அரிசிதான். ஆனால் இதற்கு இட்லி அரிசியே போதும்.

பிழிவதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் ஆவி பறக்கும் இட்லியை எடுத்து முக்காலி அச்சில் போட, இன்னொருவர் கைப்பிடியைத் திருக வேண்டும். "ஆறங்காட்டியும் போடு கண்ணு" என்று அப்பாயி விரட்டுவார். அதில் காரணம் இருக்கிறது. சூட்டில் நெகிழ்ந்து வரும் மாவு, ஆறினால் இறுகி அச்சை அடைத்துக்கொள்ளும். சூட்டோடு பிழிந்தால் இழை வாழையிலையில் அறுபடாமல், சுருள் சுருளாக, பளபளவென்று இறங்கும். விழுந்தவுடன் தொடக்கூடாது, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஆறிய பிறகு விரலில் கொஞ்சம் கடலெண்ணெய் தொட்டு உதிர்த்தால் தனித்தனி இழையாகப் பிரியும். சூட்டில் பிழிந்து குளிர்ச்சியில் உதிர்ப்பதில்தான் இந்தப் பலகாரத்தின் நயமெல்லாம் இருக்கிறது.

தாளிப்பில் கடுகு, கடலைப்பருப்பு, வரமிளகாய், கறிவேப்பிலை, ஒரு கைப்பிடி நிலக்கடலை, சிட்டிகை மஞ்சள். அதுவும் ஆறியே சேர வேண்டும். மாங்காயில் கிளிமூக்குதான் என் தேர்வு. நாக்கைச் சுண்டாத புளிப்பு, துருவினாலும் நறுக்கென்றிருக்கும். புளிப்பு போதாவிட்டால் எலுமிச்சை அரை மூடி பிழியலாம், அடுப்பை அணைத்த பிறகு. சூட்டில் பட்ட எலுமிச்சைச் சாறு கசந்துவிடும்.

கடைசியாக வெள்ளரிப் பிஞ்சு. பொடியாக அரிந்து, சாப்பிட உட்காரும்போதுதான் சேர்க்க வேண்டும். முன்பே போட்டால் உப்புப் பட்டு நீர் விட்டு இழையை நனைத்துவிடும். ஒரு வாயில் மெத்தென்ற இழை, வறுத்த கடலையின் மொறுமொறுப்பு, மாங்காயின் புளிப்பு, வெள்ளரியின் குளிர்ச்சி, இந்த வரிசையில் வந்து சேரும். தொட்டுக்கொள்ள எதுவும் வேண்டாம்.

குளிர்பதனப் பெட்டியில் மட்டும் வைத்துவிடாதீர்கள். அரிசி இழை விறைத்து, எடுத்தால் நொறுங்கும். காலையில் பிழிந்ததை மதியத்துக்குள் சாப்பிட்டுவிடுங்கள்.