ஹென்றி ஹெட்டின் இடது கை

1903 ஏப்ரல் 25 அன்று லண்டன் நரம்பியல் மருத்துவர் ஹென்றி ஹெட்டின் இடது முழங்கை அருகே, தோலுக்குச் செல்லும் இரண்டு நரம்புகளை அறுவை மருத்துவர் ஒருவர் வெட்டினார். வெட்டிய முனைகளைப் பட்டு நூலால் சேர்த்துத் தைத்தார். ஹெட்டே விரும்பிக் கேட்டுக்கொண்டது அது. நரம்பு அறுபட்ட நோயாளிகளுக்குத் தங்கள் உணர்வை நுணுக்கமாக விவரிக்கத் தெரியவில்லை என்பது அவருடைய குறை. கேம்பிரிட்ஜில் உளவியலாளர் ரிவர்ஸ் நான்கு ஆண்டுகளுக்கு மேல் அந்தக் கையைச் சோதித்தார். 1908இல் ‘பிரெய்ன்’ இதழில் முடிவுகள் கட்டுரையாக வெளிவந்தன.

மரத்துப்போன புறங்கையில் அழுத்தினால் மட்டும் தெரிந்தது. சில வாரங்களில் ஊசிக்குத்து உணர்வு திரும்பியது. ஆனால் குத்திய இடம் ஒன்று, வலித்த இடம் வேறு. வலியும் அளவுக்கு மீறிப் பரவியது. மெல்லிய தொடுதலும் இடம் அறியும் நுட்பமும் நெடுநாள் கழித்தே வந்தன. இதிலிருந்து, பரவும் வலியை உணரும் பழமையான ‘புரோட்டோபதிக்’, மெல்லிய தொடுதலை உணரும் பின்னர் வளர்ந்த ‘எபிகிரிட்டிக்’ என இரு தனி நரம்பு அமைப்புகள் உண்டு என்றார் ஹெட்.

இந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. சோதிக்கப்பட்டது ஒரே கை; அதுவும் கோட்பாட்டை வகுத்தவரின் கை. சோதனையின்போது கண்ணை மூடிக்கொண்டால் தொடுகருவி மறையும், எதிர்பார்ப்பு மறையாது. 1909இல் டிராட்டர், டேவிஸ் என்ற அறுவை மருத்துவர்கள் தங்கள் உடலிலேயே ஏழு நரம்புகளை வெட்டிப் பார்த்தார்கள். ஹெட் சொன்ன இரு அமைப்புகளுக்கிடையே எல்லை தெரியவில்லை. உணர்விழப்பு நடுவில் முழுமையாகவும் ஓரங்களில் படிப்படியாகக் குறைந்தும் இருந்தது. அவர்கள் விளக்கமே வலுவானது: ஹெட் கண்ட விபரீத வலி, மீண்டும் வளரும் நரம்பின் கோளாறு. வலியைக் கடத்தும் மெல்லிய இழைகளும் தொடுதலைக் கடத்தும் தடித்த இழைகளும் வேறுவேறு என்று பின்னர் நிறுவப்பட்டது உண்மை. ஆனால் அந்தப் பிரிவு ஹெட் போட்ட கோடு அல்ல. மேலும், ஹெட்டின் கையில் வெட்டப்பட்டவை தோல் நரம்புகள் மட்டுமே. மேல்கை எலும்பு முறிந்து ரேடியல் நரம்பு நசுங்கி, மணிக்கட்டைத் தூக்க முடியாமல் தவிப்பவரின் இழப்பு பற்றி அந்தக் கை எதுவும் சொல்லவில்லை. அப்படியிருக்க, அந்தச் சிறு தோல் பரப்பை வைத்தே ரிவர்ஸ் 1920இல் இயல்பூக்கங்களையும் விளக்க முனைந்தது வரம்பு மீறல்.

ஆனாலும் அந்தக் கட்டுரையை நான் தள்ளமாட்டேன். அதன் கோட்பாடு வீழ்ந்தது, நாள்வாரியான பதிவு வீழவில்லை. இழைகள் நாளுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டரே வளர்வதால் குணமாக மாதங்கள் பிடிக்கும். கண்ணாடி கிழித்து நரம்பு தைக்கப்பட்ட ஒருவர் அந்த மாதங்களில், “தொட்டாலே ஷாக் அடிக்குது டாக்டர்” என்று பதறி வந்தால், அவர் மிகைப்படுத்தவில்லை என்பதற்கு ஹெட்டின் குறிப்புகள் போதிய சான்று.