இரவற் குரலா?

ஜப்பானியப் பாடகி ஒருவர் பிரேசில் நாட்டின் பொசா நோவாவைப் பாடுகிறார் என்றவுடன், "இது இரவல் சரக்கு, காப்பிக் கடையில் பேச்சுக்கு நடுவே ஒலிக்கத் தக்கது" என்று ஒதுக்கிவிடுவது எளிது. லிசா ஓனோவின் பதிவுகளைப் பல திங்களாகச் செவிமடுத்து வந்த நாம் அத்தீர்ப்பை ஏற்பதற்கில்லை. முற்றிலும் தள்ளிவிடுவதற்கும் இல்லை. எந்தத் தட்டில் அது செல்லும், எந்தத் தட்டில் செல்லாது என்று பிரித்துப் பார்ப்பதே முறை.

பொசா நோவா என்னும் போர்த்துக்கேயத் தொடர் 'புதுப் பாணி' என்ற அளவில் பொருள்படும். 1958ஆம் ஆண்டு ஜோவான் ஜில்பெர்டோ பதிவு செய்த ஒரு சிறு தட்டை இதன் தொடக்கமாகக் கூறுவர். தெருவெல்லாம் முழவொலி அதிர ஆடப்படும் சாம்பாவை அவர் ஒரே கிதாருக்குள் அடக்கினார். கட்டைவிரல் பெருமுரசின் அடியைத் தாங்கி நிற்க, ஏனைய விரல்கள் சிறுபறையின் வெட்டுத் தாளத்தை மீட்டும். குரலோ, அருகே உறங்கும் குழந்தை விழித்துவிடலாகாது என்று பேசுவாரைப் போல ஒலிக்கும். அதில் நடுக்கமில்லை, முழக்கமில்லை. தாளத்துக்குச் சற்று முந்தியோ பிந்தியோ சொற்கள் வந்து விழும். குரல் வளமில்லாதார்க்கு வாய்த்த பாட்டு என்று இதனை எண்ணுவோர் ஒருமுறை பாடிப் பார்க்கட்டும்! உரக்கப் பாடுகையில் மறைந்துபோகும் பிழையெல்லாம் இங்கே அம்பலத்துக்கு வந்துவிடும்.

ஜப்பானியர்க்கும் பிரேசிலுக்கும் உள்ள உறவு இசைத்தட்டால் வந்ததன்று, வியர்வையால் வந்தது. 1908இல் காசாத்தோ மாரு என்னும் கப்பல் 781 ஜப்பானியரைச் சாந்தோஸ் துறைமுகத்தில் கொண்டு இறக்கிற்று. காப்பித் தோட்டங்களில் கூலிக்கு உழைக்கச் சென்றவர்கள் அவர்கள். அவர்களுக்குப் பின்னே பல்லாயிரவர் சென்றனர். சாவோ பாவுலோ நகரில் ஜப்பானியர் குடியிருப்பே உருவாயிற்று. அந்நகரில்தான் லிசா ஓனோ 1962இல் பிறந்தார். பத்து வயதில் பெற்றோருடன் டோக்கியோவுக்குப் பெயர்ந்தார். பதினைந்து வயதில் கிதாரைக் கையிலெடுத்தார். 'கட்டுப்பிரி' என்னும் முதல் தொகுப்பு 1989இல் வெளியாயிற்று. பிரேசில் அடுக்களைகளில் வழங்கும் ஒரு மென்மையான பாலாடைக்கட்டியின் பெயர் அது. நாடு விட்டுப் போன பிள்ளைக்கு முதலில் நினைவு வருவது நாவின் சுவைதான் போலும்.

இந்தப் பத்து வயது என்பதை நாம் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. போர்த்துக்கேய மொழியின் உயிர்நாடி அதன் மூக்கொலியில் இருக்கிறது. இதயம் என்பதற்கு அவர்கள் வழங்கும் 'கொரஸாவுன்', பாட்டு என்பதற்கு வழங்கும் 'கன்ஸாவுன்' ஆகிய சொற்களின் இறுதியில் உயிரெழுத்தே மூக்கின் வழியாகக் கரைந்து செல்லும். ஓதற்கலையில் 'குன்னா' என்று நாம் கற்பிக்கிறோமே, அதற்குக் கிட்டிய ஓர் ஒலி. ஜப்பானிய மொழியிலோ லகரமும் ரகரமும் வேறுபடுவதில்லை. அயற்சொல்லின் மெய்யெழுத்துக்களுக்கெல்லாம் ஓர் உயிரைத் துணைக்குச் சேர்த்தே பெரும்பாலும் ஒலிப்பர். எழுத்தின் பிறப்பிடமாகிய 'மக்ரஜ்' இளமையில் நாவில் பதியாவிடின் பின்னர்ப் பதிய வைப்பது எத்துணைப் பாடு என்பதை, 'ளாத்' எழுத்தோடு மல்லாடும் மாணவரைப் பார்த்த எந்த உஸ்தாதும் அறிவார். லிசா ஓனோவுக்கு அப்பாடு நேரவில்லை. 1990இன் 'நானா', 1991இன் 'மெனினா' ஆகிய தொகுப்புகளைக் கேளுங்கள். மூக்கொலி கரையும் இடத்தில்தான் கிதாரின் அடுத்த வெட்டு வந்து விழுகிறது. மொழியே தாளத்தை நடத்துகிறது. இரவல் வாங்கிய நாவால் இது கூடுமா?

1994இல் வெளிவந்த 'எஸ்பெரான்ஸா'வில் இவ்விசையின் பேராசானாகிய அந்தோனியோ கார்லோஸ் ஜோபிம் பங்குகொண்டார். அவ்வாண்டு டிசம்பரில் அவர் மறைந்தார். அடுத்த ஆண்டு ஜோவான் தொனாத்தோவுடன் சேர்ந்து லிசா வழங்கிய தொகுப்பின் பெயர் 'மின்யா சவுதாஜி'. 'என் ஏக்கம்' என்று இதனைத் தமிழாக்கினால் பாதிப் பொருள் நழுவிவிடும். அரபியில் 'ஹனீன்' என்ற சொல் அருகில் வருகிறது. கன்றைப் பிரிந்த பெண் ஒட்டகம் எழுப்பும் குரலுக்கு அப்பெயர். பின்னர்த் தாயகத்தை நினைந்துருகும் உள்ளத்துக்கும் அதுவே பெயராயிற்று. ஒட்டகம் கதறும், லிசா கதறுவதில்லை. முணுமுணுப்பதற்கு ஒரு படி மேலே நின்று, குறை எதுவும் சொல்லாதவர் போலப் பாடிச் செல்கிறார். இவர் பாடியவற்றுள் நாம் முதலிடம் தருவது இத்தொகுப்புக்கே.

இதன் பின்னர் வந்தவை பற்றி இவ்வளவு மகிழ்ச்சியோடு எழுத இயலவில்லை. 1999இல் 'டிரீம்' என்னும் தொகுப்பில் அமெரிக்கப் பழம் பாடல்கள். 2002இல் இத்தாலியப் பாடல்கள். 2003இல் பிரெஞ்சுப் பாடல்கள். எந்நாட்டுப் பாட்டாயினும் அதே கிதார், அதே இளம் புன்னகை. செவிக்கு இனிமைதான், மறுக்கவில்லை. ஆயினும் மொழியிலிருந்து பிறந்த தாளம், இங்கே எல்லாப் பண்டத்தின் மேலும் பூசும் சர்க்கரைப் பாகாகிவிடுகிறது. காப்பிக் கடைத் தீர்ப்பு செல்லுபடியாவது இத்தட்டுகளுக்கே.

அப்படியானால் 2011இல் இவர் ஜப்பானியப் பாடல்களை ஜப்பானிய மொழியிலேயே பாடித் தொகுத்தாரே, அதனை எங்கே வைப்பது? அதுவும் பாகுதான் என்று சொல்லத் தோன்றும். நாம் அவ்வாறு கருதவில்லை. ஜப்பானிய மொழியில் அசைகள் ஏறக்குறைய ஒரே அளவில் நடப்பவை. பொசா நோவாவின் தாளமோ சொல்லை நெகிழ்த்தி, முந்தவும் பிந்தவும் விடுவது. இரண்டும் எளிதில் இணங்குவதில்லை. முன் சொன்ன தொகுப்புகளில் கேளாத ஒரு சிறு தயக்கம் இங்கே கேட்கிறது. பெற்றோரின் ஊருக்கு விருந்தாளியாகப் போனவர் எந்த நாற்காலியில் அமர்வது என்று நிற்பது போன்ற தயக்கம். அத்தயக்கத்தை மழுப்பாமல் பதிவு செய்திருப்பதனாலேயே இத்தொகுப்பை மதிக்கிறோம்.

பெயரையும் பாருங்கள். தம் நாட்டை 'நிஹோன்' என்பர் ஜப்பானியர். லிசா ஓனோ அட்டையில் இட்ட பெயர் 'ஜபாவுன்'. சாவோ பாவுலோ தெருக்களில் ஜப்பானுக்கு வழங்கும் பெயர் அது. அதன் இறுதியில் வரும் மூக்கொலி டோக்கியோவில் பிறந்து வளர்ந்த நாவுக்கு எளிதில் வாராது.