செப்புத் தகட்டில் இடம்பெறாதவர்கள்

ஐரோப்பியரின் பழைய பயண நூல்களில் உள்ள செதுக்கோவியங்களைப் பெருப்பித்து மினுங்கும் தாளில் அச்சிட்ட போஸ்டர்கள் இன்று வன்னியின் பல வகுப்பறைகளில் தொங்குகின்றன. கண்டியரசர்களின் காலத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுவதற்கு இவற்றை விட இலகுவான சாதனம் வேறில்லை என்பதை ஒரு வாத்தியார் என்ற முறையில் நானும் ஏற்பேன். ஆயினும் இவை தொங்கவிடப்படும் விதம் பற்றிச் சில கேள்விகளை எழுப்ப வேண்டியுள்ளது.

பெரும்பாலும் மூன்று படங்களையே காண்கிறோம். முதலாவது, 1602 இல் ஒல்லாந்தத் தளபதி ஸ்பில்பேர்கன் கண்டியில் முதலாம் விமலதர்மசூரியனைச் சந்தித்துக் கைகொடுக்கும் காட்சி. இரண்டாவது, 1672 இல் அம்ஸ்ரடாமில் வெளிவந்த பால்தேயஸ் பாதிரியாரின் நூலிலுள்ள படங்கள். மூன்றாவது, 1681 இல் லண்டனில் அச்சான றொபேர்ட் நொக்ஸின் நூலில் வரும் இரண்டாம் இராஜசிங்கனின் உருவம்.

மூன்றையும் ஒரே தராசில் நிறுக்க முடியாது. நொக்ஸ் 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்தில் கைதியாக இருந்தவர். அரசனின் மூன்றடுக்குத் தொப்பி, முன்னால் நிமிர்ந்து நிற்கும் இறகு, விசித்திரமான உடை யாவற்றையும் எழுத்திலும் விபரித்திருக்கிறார். ஆகவே அந்தப் படத்தின் பின்னால் ஒரு சாட்சி இருக்கிறது. ஸ்பில்பேர்கன் சந்திப்பு அப்படியன்று. ஒல்லாந்தத்து வாசகனுக்குத் தன் நாட்டவன் கிழக்கில் பெற்ற வரவேற்பைக் காட்டுவதே அதன் நோக்கம். போர்த்துக்கேயருக்கு எதிராகத் துணை தேடிய ஓர் அரசனின் அரசியல் தேவை அந்தக் கைகொடுப்பில் நட்பாக மட்டுமே தெரிகிறது.

செதுக்கும் தொழிலின் இயல்பும் கவனிக்கத்தக்கது. செப்புத் தகட்டில் உளியால் கோடு கீறி, கோட்டுக்குள் மையை நிரப்பி, ஈரத்தாளை வைத்து அழுத்தி எடுப்பார்கள். அச்சான படத்தைப் பார்த்து இன்னொருவர் அப்படியே புதுத் தகட்டில் கீறினால், அச்சில் இடம் வலமாகும், வலது கைவாள் இடது கைக்குப் போகும். ஒரு நூலின் படங்கள் பிறமொழிப் பதிப்புகளுக்காகத் திரும்பத் திரும்பக் கீறப்பட்ட காலம் அது. நூற்பக்க அளவுக்குக் கீறிய படத்தை மூன்றடிக்குப் பெருப்பிக்கும்போது, நிழலுக்காக இட்ட மெல்லிய கோடுகள் வேலிக்கம்பிகள் போலாகின்றன. முகபாவம் காணாமற் போகிறது. போஸ்டர்காரர் இதற்கு மேல் பொன்னிறமும் பூசிவிடுகிறார். மூல நூலின் பெயரையும் ஆண்டையும் மட்டும் போடுவதில்லை.

இது அலங்காரப் பிரச்சினை மட்டுமன்று. தரம் எட்டில் ஒரு மாணவி என்னிடம், “சேர், இதுல எங்கட ஆக்கள் ஒருத்தரும் இல்லையா?” என்று கேட்டாள். நியாயமான கேள்வி. இதற்கான விடை நொக்ஸின் எழுத்திலேயே இருக்கிறது. கண்டி நகரில் சோனகருக்கு ஒரு வணக்கத்தலம் இருந்ததையும், முன்னைய அரசர்கள் அதற்கு வீட்டுக்கு வீடு ஒரு பணம் அறவிடும் உரிமை வழங்கியிருந்ததையும் அவர் பதிந்திருக்கிறார். அவருடைய நூலில் உழவுக்குப் படம் உண்டு, யானையால் நிறைவேற்றும் மரண தண்டனைக்குப் படம் உண்டு, வேடருக்கும் படம் உண்டு. அந்த வணக்கத்தலத்துக்குப் படம் இல்லை. லண்டன் வாசகனை வியக்கவைப்பது எதுவோ அதுவே தகட்டில் ஏறியது.

போர்த்துக்கேயர் விரட்டிய முஸ்லிம்களை 1626 இல் செனரத் மன்னன் மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றியதும் (4000 பேர் என்பது வழமையாகக் கூறப்படும் தொகை), கண்டியரசின் பொதிமாட்டுப் போக்குவரத்துப் பிரிவான மடிகே பத்தவில் முஸ்லிம்கள் பெருமளவில் பணியாற்றியதும், அரண்மனையில் மருத்துவர்களாக விளங்கியதும் இவ்வாறே படமில்லாத வரலாறுகள். வன்னியின் நிலையும் வேறல்ல. நொக்ஸ் தப்பியோடி 1679 ஒக்டோபரில் அரிப்பை அடைந்த வழி, அருவியாற்றை ஒட்டிய எமது காடுகளினூடாகவே சென்றது. ஒல்லாந்தருக்குத் திறை செலுத்திய கைலை வன்னியனை அவர் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். அவனுக்கும் ஒரு தகடு கிடைக்கவில்லை.

இந்த வெறுமையை நிரப்பும் அவசரம் எங்கள் எல்லாரிடமும் உண்டு. 1803 இல் முல்லைத்தீவுக் கோட்டையைக் கைப்பற்றிய பண்டாரவன்னியனுக்கு இன்று நாம் காணும் முகம் பிற்காலக் கலைஞரின் கற்பனையே. வீரத்தைப் போற்ற அப்படி வரைவதில் தவறில்லை. ஆனால் அது இராஜசிங்கனின் படத்துக்குப் பக்கத்தில், அதே சட்டத்தில், குறிப்பேதுமின்றித் தொங்கும்போது பிள்ளை இரண்டையும் ஒரே வகைச் சான்றாக எடுத்துக்கொள்கிறது. எமது சமூகத்திலும் கண்டியரசனின் சபையில் தலைப்பாகையுடன் ஒரு முஸ்லிம் மருத்துவரை வரைவித்து அச்சிட வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். அவர்களின் மனத்தாங்கல் எனக்கு விளங்குகிறது. 1990 ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்டபோது உறுதிகளையும் குடும்பப் படங்களையும் விட்டுவந்த சனங்கள் நாங்கள். இருந்தோம் என்று காட்ட ஒரு படமாவது வேண்டும் என்ற தவிப்பு இயல்பானதே. ஆனால் நாளை ஒருவர் அந்தப் படத்தைப் பொய்யென்று நிரூபித்தால், அதோடு சேர்த்து மெய்யான ஆவணத்தையும் சந்தேகிப்பார். எமது இருப்புக்கு எழுத்திலேயே சான்று இருக்கும்போது அந்த ஆபத்தை நாம் ஏன் விலைக்கு வாங்க வேண்டும்?

போஸ்டர்களைக் கழற்ற வேண்டும் என்பது என் கட்சியன்று. ஒவ்வொன்றின் கீழும் யாருடைய நூல், எந்த நகரில், எந்த ஆண்டில், யாருக்காக அச்சானது என்று நான்கு வரி எழுதி ஒட்டலாம். பிற்காலக் கற்பனையாயின் அதையும் சொல்லலாம். நொக்ஸின் படத்துக்குப் பக்கத்தில் அந்த வணக்கத்தலம் பற்றிய அவருடைய பகுதியைத் தமிழில் பெரிய எழுத்தில் தொங்கவிடலாம். ஒரு பிறிஸ்டல் போர்ட்டும் ஒரு மார்க்கர் பேனாவும் போதும். எங்கள் பாடசாலையில் அந்த மாணவியின் வகுப்பே இதை எழுதி ஒட்டியது.